ஐம்பதும் ஒரே மாதிரி இருக்கணும்: ரீலோடிங் ஓர் அறிமுகம்

இன்னைக்கு எபிசோடில் விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். துப்பாக்கி சுடும் விளையாட்டைப் பத்தி எப்போ பேசினாலும் யாராவது ஒருத்தர் கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு: "நீங்க தோட்டாவை வீட்டிலேயே செய்றீங்களாமே, நிஜமாவா?" நிஜம்தான். அதுக்குப் பேரு ரீலோடிங். ஒரு தடவை சுட்ட தோட்டாவோட பித்தளைக் கூட்டை எடுத்து, சுத்தம் பண்ணி, மறுபடி நிரப்பி, புதுத் தோட்டாவா ஆக்கறது. இதை எப்படித் தொடங்கறது, எதுக்காகச் செய்யறாங்க, எங்கே கவனம் தப்பினா ஆபத்து, இதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

உள்ளே போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். நான் இருக்கறது அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில். இங்கே ஒருத்தர் தன் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா செய்துக்க மத்திய அரசு உரிமம் தேவையில்லை. விக்கறதுக்காகச் செய்தா உரிமம் வேணும். இந்தியாவில் கதையே வேற. 1959-ஆம் வருஷ ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாம தோட்டா தயாரிக்கறது குற்றம். அதனால சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ உட்கார்ந்து கேட்கறவங்க இதை ஒரு விளையாட்டோட பின்னணியைத் தெரிஞ்சுக்கறதாக் கேளுங்க. உங்களுக்கு இதில் நேரடியாப் பயன்படற விஷயம் ஒண்ணு இருக்கு, கடைசியில் சொல்றேன்.

அமெரிக்காவில் இருக்கிற நம்ம ஆட்களுக்கும் ஒரு எச்சரிக்கை. எச்-1பி மாதிரி தற்காலிக விசாவில் இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கறதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாத் தடை பண்ணுது. சில விதிவிலக்குகள் உண்டு, ஆனா அதை வக்கீல்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கணும், வாட்ஸ்அப் குரூப்பில் இல்லை. நான் கிரீன் கார்டு வந்த பிறகுதான் துப்பாக்கியைத் தொட்டேன்.

தோட்டாவுக்குள்ளே என்ன இருக்கு?

நாம பேச்சு வழக்கில் தோட்டா, குண்டு ரெண்டையும் ஒரே அர்த்தத்தில் சொல்றோம். ரீலோடிங் மேஜையில் அது சரிப்படாது. தோட்டாங்கறது முழுப் பொருள். அதுக்குள்ளே நாலு உறுப்பு. வெளியே பித்தளைக் கூடு. அதோட அடிப்பக்கம் நடுவில் சின்னப் பொட்டு மாதிரி பிரைமர். கூட்டுக்குள்ளே பவுடர். வாயில் செருகியிருக்கறது குண்டு. துப்பாக்கியோட ஊசி பிரைமரைத் தட்டும், அதிலிருந்து ஒரு தீப்பொறி, அது பவுடரைப் பத்த வைக்கும், எரியற பவுடர் வாயுவாகி குண்டைத் தள்ளும். இவ்வளவுதான்.

இந்த நாலில் மூணு போயிடும். மிஞ்சறது கூடு மட்டும். எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம் சேர்ந்த பித்தளை அது. வெடிக்கிற நேரத்தில் விரிஞ்சு துப்பாக்கி அறையோட சுவரில் ஒட்டிக்கும், அழுத்தம் குறைஞ்சதும் கொஞ்சம் சுருங்கி வெளியே வந்துடும். அந்த வளைஞ்சு கொடுக்கற குணம் இருக்கறதாலதான் ஒரே கூட்டைப் பல தடவை பயன்படுத்த முடியுது.

பிரைமரில் ரெண்டு வகை. பாக்ஸர், பெர்டன். ரெண்டும் 1860-களில் வந்தது. பாக்ஸர் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, பெர்டன் அமெரிக்கர். வேடிக்கை என்னன்னா, பிரிட்டிஷ்காரர் கண்டுபிடிச்சது அமெரிக்காவில் நிலைச்சது, அமெரிக்கர் கண்டுபிடிச்சது ஐரோப்பாவில் பரவிச்சு. நமக்கு இதில் என்ன? பாக்ஸர் வகைக் கூட்டில் அடியில் நடுவே ஒரே ஒரு துளை இருக்கும். ஒரு கம்பியை உள்ளே விட்டுப் பழைய பிரைமரைச் சுலபமா வெளியே தள்ளிடலாம். பெர்டன் வகையில் பொதுவா ரெண்டு சின்னத் துளை, ஓரமா இருக்கும், கம்பி போகாது. ரீலோடிங் அமெரிக்காவில் இவ்வளவு பரவினதுக்கு அந்த ஒரு துளையும் ஒரு காரணம்.

கடையில் கிடைக்கும்போது ஏன் செய்யணும்?

நிறையப் பேர் நினைக்கறது, இன்னும் வேகமா, இன்னும் சக்தியாப் போற தோட்டா செய்யத்தான் இதெல்லாம்னு. சினிமா பார்த்து வந்த நினைப்பு. இலக்குச் சுடறவங்களுக்குச் சக்தி தேவையே இல்லை. எங்களுக்கு வேண்டியது ஐம்பது தோட்டாவும் ஒண்ணு போல இருக்கறது.

நான் சுடற பிரிவுக்கு எஃப்-டிஆர்னு பேரு. கனடாவில் தொடங்கின எஃப்-கிளாஸ்ல ஒரு உட்பிரிவு. தரையில் படுத்து, துப்பாக்கி முனையை ரெண்டு கால் தாங்கியில் நிறுத்தி, தொலைநோக்கி வழியாப் பார்த்துச் சுடணும். ரெண்டே ரெண்டு வகைத் தோட்டாவுக்குத்தான் அனுமதி: .308 வின்செஸ்டர், .223 ரெமிங்டன். நான் .308 வச்சிருக்கேன். பெரிய போட்டிகளில் தூரம் 1000 யார்டு, அதாவது 914 மீட்டர். நம்ம ஊர் கணக்கில் ரெண்டு பஸ் ஸ்டாப் தூரம். அங்கே பத்து மதிப்பெண் வட்டத்தோட விட்டம் 10 அங்குலம். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு.

இப்போ கணக்கைப் பாருங்க. என் குண்டு விநாடிக்கு சுமார் 2600 அடி வேகத்தில் கிளம்புது. அந்த தட்டுக்குப் போய்ச் சேர ஒன்றரை விநாடிக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் பூமி அதைக் கீழே இழுத்துக்கிட்டே இருக்கு. ஒரு தோட்டா 2600 அடியில் கிளம்பி, அடுத்தது 2570-ல் கிளம்பினா, வித்தியாசம் வெறும் 30 அடி. நூத்துக்கு ஒரு பங்கு சொச்சம். ஆனா 1000 யார்டில் அந்த ரெண்டு குண்டும் விழற இடத்துக்கு நடுவே ஏறக்குறைய 10 அங்குலம் மேல்கீழ் வித்தியாசம் வந்துடும். முழு வட்டமே போச்சு. நீங்க மூச்சைப் பிடிச்சு, காத்தைச் சரியாப் படிச்சு, விசையை அழகா இழுத்திருப்பீங்க. தோட்டா உங்களைக் கைவிட்டிருக்கும்.

கடையில் போட்டித் தரத் தோட்டா கிடைக்கும், நல்லாவே இருக்கும். ஆனா அது ரெடிமேட் சட்டை. எல்லார் துப்பாக்கிக்கும் பொருந்தணும்னு ஒரு பொது அளவில் செய்திருப்பாங்க. ரீலோடிங்கறது டெய்லர்கிட்ட அளவு கொடுத்துத் தைக்கறது. என் துப்பாக்கி அறையில் விரிஞ்சு வந்த கூடு ஏற்கெனவே அந்த அறையோட அளவை எடுத்துக்கிட்டு வந்திருக்கு. நான் அதைக் கொஞ்சமா, ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ரெண்டு பங்கு அளவுக்குத் தோள்பட்டையைப் பின்னுக்குத் தள்ளினாப் போதும், மறுபடி கச்சிதமாப் பொருந்தும்.

முதலில் ஒரு ஆளைப் பிடிங்க

தொடங்கறவங்களுக்கு நான் சொல்ற முதல் விஷயம் கருவி வாங்காதீங்கங்கறதுதான். கிளப்பில் ரொம்ப வருஷமா ரீலோட் பண்ற ஒருத்தர் பக்கத்தில் போய் உட்காருங்க.

எங்க கிளப்பில் ஒரு பெரியவர். எழுபது தாண்டியவர், வாழ்க்கை முழுக்க லேத் மெஷினில் வேலை பார்த்தவர். கத்துக்கொடுக்க முடியுமான்னு கேட்டேன். சனிக்கிழமை காலையில் வரச் சொன்னார். போனா, மேஜை மேல நூறு காலிக் கூடு, ஒரு தராசு, ஒரு நோட்டு. "ஒவ்வொண்ணா எடை போட்டு எழுது"ன்னார். மூணு மணி நேரம் ஆச்சு. அடுத்த சனிக்கிழமை அதே கூடுகளோட நீளத்தை அளக்கச் சொன்னார். அதுக்கடுத்த வாரம் ஒவ்வொண்ணோட கழுத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து விரிசல் இருக்கான்னு தேடச் சொன்னார். பவுடர் டப்பாவை நாலாவது வாரம்தான் அலமாரியிலிருந்து எடுத்தார். அதுவும் மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடி லேபிளை சத்தமாப் படிக்கச் சொல்லிட்டு.

ஏன் இப்படின்னு கேட்டேன். "உனக்குச் சலிக்குதான்னு பார்க்கறேன். சலிச்சுப் போற ஆள் இந்த மேஜைக்கு வரக்கூடாது"ன்னார். பதறாத காரியம் சிதறாதுன்னு நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்றதை அவர் தன் பாஷையில் சொன்னார், அவ்வளவுதான்.

ரெண்டாவது, ஒரு கையேடு. குண்டு தயாரிக்கற, பவுடர் விக்கற நிறுவனங்களே சோதனைச்சாலையில் சுட்டுப் பார்த்து அட்டவணை போட்ட புத்தகங்கள் வெளியிடறாங்க. ஹார்னடி, சியரான்னு நிறைய உண்டு. முதல் சில அத்தியாயங்கள் செய்முறை, மீதி முழுக்க எண்கள். அந்தச் செய்முறைப் பகுதியை ரெண்டு தடவை படிச்சு முடிக்கறதுக்கு முன்னாடி கடைக்குப் போகாதீங்க.

மேஜையில் என்னென்ன வேணும்?

தொடக்கத்துக்கு ஒரு கைப்பிடி அழுத்தத்தில் ஒரே ஒரு வேலை செய்யற பிரெஸ் போதும். சிங்கிள் ஸ்டேஜ்னு சொல்வாங்க. ஒரே மூச்சில் எல்லா வேலையும் செய்யற வேகமான இயந்திரமும் உண்டு. தொடக்கத்தில் அது வேண்டாம். மெதுவாப் போனாத்தான் ஒவ்வொரு படியிலும் என்ன நடக்குதுன்னு கண்ணால் பார்க்க முடியும்.

உங்க தோட்டா வகைக்கு ஏத்த டை ஒரு ஜோடி வேணும். டைங்கறது அச்சு. ஒண்ணு கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்கும், இன்னொண்ணு குண்டைச் செருகும். அப்புறம் ஒரு வெர்னியர் காலிப்பர், கூட்டோட நீளத்தை வெட்டிச் சரிபண்ண ஒரு டிரிம்மர், வெட்டின விளிம்பை மழுக்க ஒரு சின்னக் கருவி, பிரைமர் பொருத்த ஒரு கைக்கருவி, கூடுகளை நிக்க வைக்கத் துளை போட்ட ஒரு கட்டை, ஒரு புனல். கண்ணாடி கட்டாயம்.

எல்லாத்தையும் விட முக்கியம் தராசு. பவுடரை கிரெயின்ங்கற அளவில் எடை போடுவாங்க. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். கிராமில் சொன்னா 0.065. புரியலைன்னா இப்படிப் பாருங்க: நம்ம ஊர் நகை ஆசாரிங்க ஒரு காலத்தில் தங்கத்தைக் குன்றிமணி வச்சு எடை போட்டாங்க இல்லையா, அந்த ஒரு குன்றிமணி ஏறக்குறைய ரெண்டு கிரெயின் வரும். ரீலோடிங் தராசு காட்டற கடைசி இலக்கம் 0.1 கிரெயின். அதாவது ஒரு குன்றிமணியை இருபது பங்காப் போட்டா அதில் ஒரு பங்கு. ஃபேன் ஓடினா, ஏசி காத்து பட்டா எண் ஆடும். அதனால தராசோட கூட வர்ற எடைக்கல்லை வச்சு ஒவ்வொரு முறை உட்காரும்போதும் சரிபார்க்கணும். ஆசாரி பட்டறையில் இருந்த அதே நிதானம்தான்.

படிப்படியா

வேலை இப்படிப் போகும். முதலில் பரிசோதனை. விரிசல் விட்டது, அடிப்பக்கம் பளிச்சுன்னு வளையக் கோடு விழுந்தது, நசுங்கினது, எதுவா இருந்தாலும் குப்பைக்கு. அந்த வளையக் கோடு உள்ளே பித்தளை மெலிஞ்சு போச்சுன்னு அர்த்தம், அடுத்த தடவை அங்கேயே ரெண்டாப் பிரியும்.

அப்புறம் சுத்தம். சோளத் தக்கைத் தூளோ வால்நட் ஓட்டுத் தூளோ போட்ட ஆட்டும் பாத்திரத்தில் கூடுகளைப் போட்டு ஒரு சில மணி நேரம் விட்டா கரி போயிடும்.

மூணாவது, மேலே மெல்லிசா எண்ணெய் தடவி அச்சுக்குள்ளே அழுத்தறது. எண்ணெய் தடவாம விட்டா கூடு அச்சுக்குள்ளேயே சிக்கிக்கும். இதே அழுத்தத்தில் பழைய பிரைமரும் கழண்டு விழும். சுருக்கும்போது பித்தளை நீளும், அதனால நாலாவதா நீளத்தை அளக்கணும். .308-க்கு அதிகபட்ச நீளம் 2.015 அங்குலம். அதைத் தாண்டினா வெட்டணும். ஏன்னா நீளமான கூட்டோட வாய் அறையோட நுனியில் இடிச்சு, குண்டை விடாம இறுக்கிப் பிடிச்சுக்கும், அழுத்தம் எகிறிடும்.

ஐந்தாவது புது பிரைமர். விரலால் தடவிப் பார்த்தா கூட்டோட அடியை விட ஒரு மயிரிழை உள்ளே இறங்கியிருக்கணும். ஆறாவது பவுடர். ஏழாவது குண்டு. எட்டாவது மொத்த நீளத்தை அளந்து, டப்பாவில் போட்டு, லேபிள் ஒட்டறது: தேதி, கூடு எந்த நிறுவனம், எத்தனையாவது தடவை, பிரைமர், பவுடர், எத்தனை கிரெயின், என்ன குண்டு. லேபிள் இல்லாத டப்பா என்னைப் பொறுத்தவரை டப்பாவே இல்லை.

அந்த ஆறாவது படி

பவுடரைப் பத்தித் தனியாச் சொல்லணும். உங்க கார் டயரில் காத்தழுத்தம் சுமார் 33 பிஎஸ்ஐ. .308 தோட்டா வெடிக்கும்போது அறைக்குள்ளே அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ. ஆயிரத்து எண்ணூறு மடங்குக்கு மேலே. அது நடக்கற இடம் உங்க கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரம். இந்த ஒரு எண்ணை மனசில் வச்சுக்கிட்டா மீதி விதியெல்லாம் தானாப் புரியும்.

ஒரு நேரத்தில் மேஜை மேல ஒரே ஒரு பவுடர் டப்பா. பல பவுடர் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், பென்சில் முனையைப் பொடியா நறுக்கிப் போட்ட மாதிரி. ஆனா ஒண்ணு மெதுவா எரியும், இன்னொண்ணு சட்டுன்னு எரியும். கைத்துப்பாக்கிக்கான வேகப் பவுடரை மறதியா ரைபிள் கூட்டில் நிரப்பினா துப்பாக்கியே சிதறும். லேபிள் கிழிஞ்ச டப்பா கிடைச்சா யூகம் பண்ணக் கூடாது, பயன்படுத்தக் கூடாது. ரெண்டு பவுடரைக் கலக்கவே கூடாது.

கையேட்டில் ஒவ்வொரு பவுடருக்கும் தொடக்க அளவு, உச்ச அளவுன்னு ரெண்டு எண் இருக்கும். தொடக்க அளவில்தான் தொடங்கணும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, ஒவ்வொரு படியிலும் சில தோட்டா சுட்டு, கூட்டைப் பார்க்கணும். பிரைமர் தட்டையாகியிருக்கா, போல்ட்டைத் தூக்க கனமா இருக்கா, கூட்டோட அடியில் பளபளன்னு தழும்பு விழுந்திருக்கா? ஏதாவது ஒண்ணு தெரிஞ்சா அங்கேயே நிறுத்திக் கீழே இறங்கணும். நண்பர் சொன்ன அளவு, யூடியூபில் பார்த்த அளவு எதுவும் வேண்டாம். அவர் துப்பாக்கி வேற, அவர் பித்தளை வேற. அதனாலதான் இன்னைக்கு நான் ஒரு பவுடர் அளவுகூடச் சொல்லப் போறதில்லை. கேட்டு எழுதி அனுப்பினாலும் சொல்ல மாட்டேன்.

போன் வேற அறையில். பாட்டு, டிவி கிடையாது. நடுவில் யாராவது கூப்பிட்டா, நிரப்பிக்கிட்டிருந்த கூட்டைத் தராசோட சேர்த்துக் காலி பண்ணிட்டுத்தான் எழுந்திரிக்கணும். ஐம்பதும் நிரப்பின பிறகு, குண்டு செருகறதுக்கு முன்னாடி, டார்ச் அடிச்சு எல்லாக் கூட்டுக்குள்ளேயும் பவுடர் மட்டத்தைப் பார்க்கணும். ரைபிள் கூட்டில் ஒரு சௌகரியம் உண்டு. வழக்கமான அளவு கூட்டை ஏறக்குறைய நிரப்பிடும், தப்பி ரெண்டு தடவை ஊத்தினா வழிஞ்சு கொட்டும். கைத்துப்பாக்கிக் கூட்டில் ரெண்டு மடங்கு போட்டாலும் உள்ளே மறைஞ்சுக்கும். ரைபிளில் தொடங்கறது நல்லதுன்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

காலியா விட்டா? அதை நான் நேரில் பார்த்திருக்கேன். ஒரு ஞாயித்துக்கிழமை, ரேஞ்சில் எனக்கு ரெண்டு இடம் தள்ளி ஒருத்தர் சுட்டுக்கிட்டிருந்தார். வரிசையா "டமார்" சத்தம், நடுவில் ஒரே ஒரு "டப்". பட்டாசில் நமுத்துப் போன ஓலைவெடி மாதிரி. தோள்பட்டையில் உதையே இல்லை. அவர் வழக்கம்போல அடுத்த தோட்டாவுக்குக் கையைக் கொண்டு போனார். அதுக்குள்ளே ரேஞ்ச் அதிகாரி அடித்தொண்டையில் கத்தினார், எல்லாரும் நிறுத்தினோம். போல்ட்டைக் கழட்டிக் குழல் வழியாப் பார்த்தா வெளிச்சம் தெரியலை. அந்தத் தோட்டாவில் பவுடரே இல்லை. பிரைமர் மட்டும் வெடிச்சுக் குண்டைக் குழலுக்குள்ளே கொஞ்ச தூரம் தள்ளி அங்கேயே விட்டிருக்கு. அடைச்ச குழலில் அடுத்த தோட்டாவைச் சுட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அந்த 62,000-த்தை வச்சு நீங்களே நினைச்சுப் பாருங்க. அவர் முகம் வெளுத்துப் போச்சு. அன்னைக்கு அவர் கொண்டு வந்த மீதித் தோட்டா மொத்தத்தையும் பிரிச்சுப் போட்டார். சத்தம் வித்தியாசமா இருந்தா நிறுத்து. இதை ரீலோட் பண்ணாதவங்களும் தெரிஞ்சு வச்சுக்கணும். இன்னொருத்தர் செய்த தோட்டாவை, எவ்வளவு நெருங்கின நண்பரா இருந்தாலும், உங்க துப்பாக்கியில் போடாதீங்கன்னு சொல்றதும் இதனாலதான்.

நோட்டும் பணமும்

தோட்டா செய்து முடிச்சா பாதி வேலைதான் ஆச்சு. குரோனோகிராஃப்னு ஒரு கருவி குண்டோட வேகத்தை அளக்கும். பத்து சுட்டு, பத்து வேகத்தையும் எழுதி, அதிகத்துக்கும் குறைவுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளின்னு பார்க்கணும். அந்த இடைவெளியைச் சுருக்கறதுதான் மொத்த ஆட்டமும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்தான் பண்ணணும். பவுடரையும் மாத்தி, குண்டு செருகற ஆழத்தையும் மாத்தினா, எது வேலை செஞ்சதுன்னு தெரியாது. சாஃப்ட்வேரில் இருக்கறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை, பக் தேடற அதே வழிதான்.

காசு மிச்சமாகுமா? ஒரு தோட்டாவுக்கு ஆகிற செலவு போட்டித் தரத் தோட்டாவை விடக் குறையும். ஆனா கருவிகளுக்குச் சில நூறு டாலர் முதலில் போடணும், அப்புறம் கைவசம் தோட்டா இருக்கேன்னு அதிகமாச் சுடுவீங்க. என் வீட்டுக்காரம்மா கணக்குப் படி இதுவரைக்கும் ஒரு பைசா மிச்சமில்லை. 2020-க்குப் பிறகு கொஞ்ச காலம் இங்கே பிரைமரே கிடைக்காமத் தட்டுப்பாடு வந்தது. பணம் இருந்தும் மேஜை காலியாக் கிடந்தது. நேரமும் பாருங்க: ஐம்பது தோட்டாவுக்கு எனக்கு ஒரு முழு மாலைப்பொழுது வேணும்.

வீட்டில் குழந்தை இருக்கு. அதனால இது என்னைப் பொறுத்தவரை விளையாட்டுப் பேச்சு இல்லை. துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில். பவுடரும் பிரைமரும் அவங்கவங்க அசல் டப்பாவில், வெயில், சூடு, தீ படாத இடத்தில். பழைய பிரைமரில் ஈயத் தூசி இருக்கும், அந்த மேஜையில் காபி குடிக்கறது கிடையாது, முடிச்சதும் கையை சோப்புப் போட்டுக் கழுவித்தான் குழந்தையைத் தூக்குவேன். வீட்டில் யாருக்காவது மனசு சரியில்லாத காலம்னா துப்பாக்கி வீட்டிலேயே இருக்க வேண்டாம், பாதுகாப்பா வெளியே வைக்க வழி பாருங்க. இந்த நாட்டில் துப்பாக்கியால் எவ்வளவு இழப்புன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். அதைத் தெரிஞ்சுக்கிட்டுதான் இந்த விளையாட்டுக்குள்ளே வரணும், மறந்துட்டு வரக்கூடாது.

இந்தியாவில் இருக்கிற உங்களுக்கு

முதலில் சொன்ன அந்த விஷயம். ஒலிம்பிக் ரைபிள் போட்டி எதிலும் இன்னைக்கு ரீலோடிங்குக்கு இடமே இல்லை. 300 மீட்டர் ரைபிள் 1972-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் கிடையாது. 50 மீட்டரில் பயன்படற .22 தோட்டாவுக்குத் தனி பிரைமர் கிடையாது. வெடிக்கிற மருந்து கூட்டோட அடி விளிம்புக்குள்ளேயே இருக்கும், ஊசி அந்த விளிம்பை நசுக்கிடும். அதை மறுபடி நிரப்ப வழியில்லை. 10 மீட்டர் ஏர் ரைபிளில் பவுடரே கிடையாது, வெறும் ஈயப் பெல்லட்.

ஆனா ஒரே மாதிரி இருக்கணும்ங்கற தேடல் அங்கேயும் அதேதான். 10 மீட்டர் அட்டையில் பத்து மதிப்பெண் புள்ளியோட விட்டம் அரை மில்லிமீட்டர். பெல்லட்டோட தலை அளவை 4.49, 4.50, 4.51ன்னு நூத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் தனித்தனி டப்பாவில் விக்கறாங்க. தீவிரமா ஆடறவங்க துப்பாக்கியைப் பிடிப்பானில் இறுக்கி, வெவ்வேறு தொகுதிப் பெல்லட்டைச் சுட்டுப் பார்த்து, எந்தத் தொகுதி தன் குழலுக்குப் பிடிக்குதோ அதையே மொத்தமா வாங்கி வச்சுக்குவாங்க. .22-லயும் இப்படித்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினாரே, அது 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டி. அந்த மட்டத்தில் ஆடறவங்களுக்குத் தோட்டாத் தொகுதியைத் தேர்ந்தெடுக்கறதும் பயிற்சியோட ஒரு பகுதி. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் ஜெயிக்கறது 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான்.

அதனால ஆசை இருந்தா உங்க ஊரில் அங்கீகாரம் உள்ள ஒரு ரைபிள் கிளப்பைத் தேடுங்க, பயிற்சியாளர் முன்னாடி கிளப் துப்பாக்கியில் தொடங்குங்க. முதல் மாசத்திலேயே ஒரு நோட்டு போடுங்க: தேதி, பெல்லட் தொகுதி எண், எத்தனை மதிப்பெண், அன்னைக்கு உடம்பு எப்படி. ரெண்டு டப்பா பெல்லட்டில் எது உங்க குழலுக்கு ஒத்துப்போகுதுன்னு அந்த நோட்டே சொல்லும்.

ரீலோடிங் சட்டப்படி அனுமதி உள்ள நாட்டில் இருக்கறவங்க, இந்த வாரம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. அடுத்த தடவை ரேஞ்சில் சுடும்போது உங்க காலிக் கூடுகளைப் பொறுக்கி ஒரு பையில் போட்டு வைங்க. ஐம்பது சேர்ந்ததும் ஒரு தராசைக் கடன் வாங்கி எடை போட்டு எழுதுங்க. சலிப்பு வரலைன்னா கையேடு வாங்குங்க. கேள்வி இருந்தா எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடில் பதில் சொல்றேன். பவுடர் அளவு மட்டும் கேட்காதீங்க.